எல்லாளன் சமாதியும் ஊவாவின் சாலைகளும்
தனிப்போர் நினைவுச்சின்னம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

1818ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஊவாவிலே தொடங்கிக் கண்டி இராச்சியப் பகுதிகள் பலவற்றிலும் பரவிய கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபோது, அதன் தலைவர்களுள் ஒருவரான பிலிமத்தலாவை ஆங்கிலப் படையினரிடமிருந்து தப்பி வடக்கு நோக்கிச் சென்றார். அனுராதபுரத்தை அண்மியதும், உடல் தளர்ந்திருந்த நிலையிலும், அவர் தாம் ஏறிவந்த சிவிகையினின்றும் இறங்கி நடக்கலானார். எல்லாளனது சமாதி அவ்வழியருகே உள்ளது என்பதை அவர் அறிவார். அது எவ்விடத்தே உள்ளது என்பதைத் திட்டமாக அறியார். ஆகவே அதனைக் கடந்து நெடுந்தூரம் வந்தாயிற்று என்று உறுதியாகும்வரை நடந்தே சென்றார். இச்செய்தியை யொனதன் போர்ப்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1840இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலிற் பதிவுசெய்துள்ளார்.

உயிருக்குத் தப்பியோடும் சிங்களப் பிரதானி ஒருவர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் போரில் மடிந்த தமிழ் மன்னன் ஒருவனின் சமாதிக்கு அளித்த இம்மரியாதை, துட்டகைமுனு–எல்லாளன் போரை இரு இனங்களின் போரென்று பாடநூல்களிலும் அரசியல் மேடைகளிலும் கேட்டு வளர்ந்தோருக்குப் புதிராகவே தோன்றும். புதிரை அவிழ்க்க முனையும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அச்சின்னம் தொடக்கத்தில் எதனைக் கூறிற்று? அது கூறியதன் பொருள் எக்காலத்தில், எச்சக்திகளால் மாற்றப்பட்டது? அம்மாற்றத்தின் விலையைக் கொடுத்தோர் யாவர்? மூன்றாவது வினாவுக்கு விடை காண விழைவோர், பிலிமத்தலாவையின் கிளர்ச்சி தொடங்கிய அதே ஊவாவுக்கு, பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கு, வருதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2

தனிப்போரிற் பட்டவரை நினைவுகூரும் சின்னங்கள் பல நாடுகளிலும் உள. ஒப்பீட்டுக்காக அவற்றுள் ஒன்றை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கருகே, மெர்செட் ஏரிக்கு அணித்தாக, ஒரு வரலாற்று அறிவிப்பும் இரு கருங்கற்றூண்களும் நிற்கின்றன. 1859 செப்டெம்பர் 13ஆம் நாள், கலிபோர்னியாவின் செனற்றரான டேவிட் புரொடெரிக்கும், அம்மாநிலத்தின் பிரதம நீதியரசராக இருந்த டேவிட் ரெறியும் கைத்துப்பாக்கியேந்தி எதிரெதிரே நின்ற இடங்களை அத்தூண்கள் காட்டுகின்றன. புரொடெரிக்கின் துப்பாக்கி குறிபார்க்குமுன்னரே வெடித்துக் குண்டு நிலத்திற் பாய்ந்தது. ரெறியின் குண்டு அவரது மார்பைத் துளைத்தது. மூன்று நாட்களின் பின் அவர் இறந்தார்.

இருவரும் ஒரே கட்சியினர். ஆயின் ஒருவர் அடிமைமுறை புதிய மாநிலங்களுக்கு விரிவதை எதிர்த்தவர். மற்றவர் அதனை ஆதரித்தவர். சண்டைக்கு உடனடிக் காரணமாயிருந்தவை மேடையிற் கூறப்பட்ட சில கடுஞ்சொற்களும் அவற்றாற் புண்பட்ட கௌரவமுமே. ஆனால் இரண்டு ஆண்டுகள் நிறைவுறுமுன்பே அந்நாடு முழுவதும் அதே பிரச்சினையின் பொருட்டுப் போர்க்களமாயிற்று. தூண்களிரண்டும் இரு கனவான்களுக்கிடையே இருந்த தூரத்தை அளந்து காட்டுகின்றன. அத்தூரத்தினிடையே கிடந்த இலட்சக்கணக்கான அடிமைகளைக் காட்டவில்லை. தனிப்போர்ச் சின்னத்தின் பொதுவியல்பு இதுவெனலாம். சமூக சக்திகளின் மோதலை அது இரு மனிதரின் வீரமாகவும் விதியாகவும் சுருக்கிவிடுகிறது.

தமிழர் இத்தகைய சின்னங்களுக்குப் புதியவரல்லர். நடுகல் நடுவதன் படிமுறைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் வகுத்துக் கூறும். வேலும் கேடயமும் சார்த்தி, மயிற்பீலி சூட்டப்பெற்ற கற்கள் சுரவழிகளில் நின்றமையைச் சங்கச் செய்யுள்கள் காட்டுகின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று ஆகோளில் இறந்தவனுக்கு எடுத்தது. இக்கற்களுக்கும் நாம் நோக்கும் சமாதிக்கும் உள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. நடுகல்லை எடுப்போர் இறந்தவனின் சுற்றத்தாரும் ஊராருமாவர். ஆநிரை மீட்டவனைக் குடி மறவாதிருக்க வேண்டுமென்பது அதன் நோக்கம். எல்லாளனுக்குச் சமாதி எடுத்தவனோ அவனைக் கொன்றவன். வென்றவன் எழுப்பிய சின்னம் தோற்றவனின் புகழையும் வென்றவனின் உரிமையையும் ஒருங்கே பேசுவது.

3

மகாவம்சக் கதையின் கணிசமான பகுதி இன்றைய ஊவா மாகாணத்தில் நிகழ்வதாகக் கூறப்பட்டுள்ளது என்பதைப் பலரும் கருத்திற்கொள்வதில்லை. துட்டகைமுனு எல்லாளனோடு பொருவதற்கு முன், தன் உடன்பிறந்தானாகிய தீசனோடு இருமுறை பொருதான். தந்தை காக்கவண்ணதீசன் இறந்தபின், தாய் விகாரமகாதேவியையும் கண்டுல என்னும் யானையையும் யார் வைத்துக்கொள்வது என்பதே பூசல். முதற்போரில் துட்டகைமுனு தோற்று, ஓர் அமைச்சனுடன் குதிரையேறித் தப்பியோடினான். அவன் படையினர் பல்லாயிரவர் மடிந்தனர் என்று நூல் கூறும். இரண்டாம் போரிற் தீசன் தோற்று விகாரையொன்றிற் புகலடைந்தான். இப்போர்கள் நிகழ்ந்த இடம் மொனராகலை மாவட்டத்துப் புத்தளைக்கு அருகிலுள்ள யுதகனாவை என்பது மரபு. அவ்விடத்தே பெருந்தாதுகோபுரம் ஒன்றும் உளது. ஆக, ஊவாவிலே துட்டகைமுனுவின் பெயரோடு இணைந்த முதற் போர்ச்சின்னம், தமிழனோடு பொருதமைக்கன்று, தம்பியோடு பொருதமைக்கே உரியது.

பின்னர் அவன் படையெடுத்து மகியங்கனைக்கு வந்து, அங்கிருந்த சத்தன் என்னும் தமிழ்த் தலைவனை வென்று, தாதுகோபுரத்தைப் புறமூடிப் பெருப்பித்தான் என மகாவம்சம் கூறும். மகியங்கனை இன்று பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன்பின் மகாவலிக்கரை அரண்களும் விசிதநகரமும் வீழ்ந்தன. இறுதியில் அனுராதபுரத்தின் தென்வாயிலருகே இரு மன்னரும் யானைமீது எதிர்ப்பட்டனர். எல்லாளனைத் தன்னையன்றி வேறெவரும் கொல்லலாகாது என்று துட்டகைமுனு முரசறைவித்திருந்தான். எல்லாளன் எறிந்த வேலுக்கு அவன் தப்பினான். கண்டுல எல்லாளனின் யானையைக் கொம்பினாற் குத்திற்று. துட்டகைமுனுவின் வேல் பாய்ந்து, மன்னனும் யானையும் ஒருங்கே வீழ்ந்தனர்.

இக்கதையைச் சமூகவரலாற்று நோக்கில் அணுகுவோர் சில செய்திகளை ஒருங்குவைத்துப் பார்த்தல் வேண்டும். முதலாவதாக, மகாவம்சத்துக்கு முற்பட்ட தீபவம்சம் எல்லாளன் நாற்பத்துநான்கு ஆண்டுகள் நீதியுடன் ஆண்டான் என்பதையும், துட்டகைமுனுவின் வெற்றியையும் மிகச் சில செய்யுள்களிற் கூறி முடிக்கின்றது. ஏறத்தாழ கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுக்குரிய மகாவம்சமோ தனது முப்பத்தேழு அதிகாரங்களிற் பதினொன்றைத் துட்டகைமுனுவுக்கே ஒதுக்குகின்றது. சிறு செய்தி காவியமாக வளர்ந்த இடைக்காலத்திலேதான் தனிப்போரும் அதன் வீரச்சுவையும் முழுவடிவம் பெற்றன. இரண்டாவதாக, துட்டகைமுனு வென்றோர் முப்பத்திரண்டு தமிழ் மன்னர் என்று நூலே கூறுவதால், எல்லாளன் ஆட்சி ஒருமுகப்பட்ட பேரரசன்று, பல சிறுதலைவர்களின் தொகுதியே என்பது பெறப்படும். மூன்றாவதாக, துட்டகைமுனுவின் பதின்மர் வீரருள் முதல்வனாகிய நந்திமித்தன், எல்லாளனின் சேனாபதியான மித்தனின் சகோதரி மகன். மாமன் ஒரு பாசறையிலும் மருமகன் மறு பாசறையிலும் நின்ற போரை இனத்துக்கும் இனத்துக்குமிடையிலான போராக விளக்குதல் எளிதன்று.

டபிள்யூ. ஐ. சிரிவீர, ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன முதலிய வரலாற்றாசிரியர்கள் 1970களின் இறுதியிலிருந்து இவ்வாறான ஐயங்களைத் தெளிவாக எழுப்பியுள்ளனர். உறுகுணையிற் சிதறிக்கிடந்த சிற்றரசுகள் ஒரு குடும்பத்தின் கீழ் ஒன்றிணைவதும், பின்னர் குளங்களும் வயல்களும் வாணிப வழிகளும் தந்த உபரியைத் தன்னகத்தே குவித்துவைத்திருந்த இராசரட்டையை அக்குடும்பம் கைப்பற்றுவதுமே அப்போரின் அடிப்படை எனலாம். தம்பியோடு பொருததும் எல்லாளனோடு பொருததும் ஒரே நிகழ்வுப்போக்கின் இரு கட்டங்கள். சமயமும் வீரமும் அதற்குரிய கருத்துநிலையை வழங்கின.

4

எல்லாளன் வீழ்ந்தபின் துட்டகைமுனு செய்தது யாது? ஒரு யோசனைத் தூரத்து மக்களை முரசறைந்து கூட்டுவித்து, ஈமக்கடன்களைத் தானே முன்னின்று நிறைவேற்றி, உடல் வீழ்ந்த இடத்திலேயே எரியூட்டி, அங்கே ஒரு சின்னத்தை எழுப்பி, அதற்கு வழிபாடு செய்யுமாறு பணித்தான். இலங்கை மன்னர் அவ்விடத்தை அணுகும்போது தம் வாத்திய ஒலியை நிறுத்துவது தன் காலத்திலும் தொடர்கிறது என்று மகாவம்ச ஆசிரியர் எழுதுகின்றார். அரசியல் எதிரிகளின் தனிப்போர் ஒன்றுக்கு வழியோரத்தே எடுக்கப்பட்டு, வழிச்செல்வோர் நடந்துகொள்ளும் முறையையும் விதித்த நினைவுச்சின்னமாக இதனைக் கருதலாம். விதி கல்லிற் பொறிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. வழக்கத்திலேயே அது நிலைத்தது. அவ்வழக்கத்தைத்தான் 1818இல் பிலிமத்தலாவை தம் கால்களாற் பின்பற்றினார்.

இப்பெருந்தன்மையை நாம் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. அதேவேளை அதனை இன நல்லிணக்கத்துக்கான நீதிக்கதையாக மட்டும் கொள்ளுதலும் வரலாற்று நோக்காகாது. எல்லாளன் நீதி வழுவாதவன் என்பதை மகாவம்சமே ஒப்புக்கொள்கின்றது. கன்றின்மீது தேரோட்டிய மகனைத் தேர்க்காலிலிட்டான் என்ற கதை, திருவாரூர் மனுநீதிச்சோழன் கதையோடு ஒத்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். அவனது தேரின் நுகம் தாதுகோபுரம் ஒன்றிற் பட்டுப் பதினைந்து கற்கள் பெயர்ந்தமைக்கு அவன் பதினையாயிரம் காசு செலவிட்டான் என்றும் நூல் கூறும். இத்தகைய அரசன் மற்றோர் அரசனின் வணக்கத்துக்கு உரியவன். இங்கு மதிக்கப்படுவது அரசபதவி. நிலவுடைமைச் சமூகத்தில் அரசர்க்கரசர் அளிக்கும் மரியாதை, அவ்வர்க்கத்தின் உள்ளொழுக்கமேயாகும்.

இதற்குச் சான்று அதே நூலில், சிறிது தூரத்திலேயே உள்ளது. போரில் பல்லாயிரவரைக் கொன்றமைக்காகத் துட்டகைமுனு மனம் வருந்தியபோது, பியங்குதீவிலிருந்து வந்த எட்டு அரகந்தர்கள் அவனைத் தேற்றினர். கொல்லப்பட்டோருள் மனிதரெனக் கணிக்கத்தக்கவர் ஒன்றரைப் பேரே. ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன், மற்றவன் ஐவகைச் சீலங்களையும் ஏற்றவன். ஏனையோர் விலங்கோடொப்பர் என்பது அவர்கள் கூறியதன் சாரம். எல்லாளனுக்குச் சமாதி எடுத்த கையும், அவன் படையாட்களை ஒன்றரையாகக் குறைத்த கணக்கும் ஒரே காவியத்திலே உள்ளன. ஒன்றை மட்டும் எடுத்துரைத்துப் பெருமைப்படுவோரும், மற்றதை மட்டும் எடுத்துரைத்துக் கண்டிப்போரும் காவியத்தின் பாதியையே வாசிக்கின்றனர். சேர்த்து வாசிக்கும்போது, சின்னம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது விளங்கும். மன்னனுக்குக் கல், மற்றையோருக்குக் கணக்கிலும் இடமில்லை.

5

மீண்டும் 1817ஆம் ஆண்டுக்கு வருவோம். ஊவாவிற் கிளர்ச்சி தொடங்கியபோது அங்குள்ள மக்கள் ஓர் அரசுரிமையாளனைச் சூழ்ந்து திரண்டனர். வில்பாவையைச் சேர்ந்த முன்னாட் பிக்குவாகிய அவன், தன்னைத் துரைசாமி எனப் பெயரிட்டு, நாயக்க அரச வழியினன் என்று அறிவித்துக்கொண்டான். ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த சிங்கள விவசாயிகள் தமக்கு அரசனாக நாடியது, தென்னிந்திய வழித்தோன்றல் என்று கூறிக்கொண்ட ஒருவனையாகும். அடக்குவதற்கு அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிப்பொல, ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தமையும், 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலை துண்டிக்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. அவரது மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1954இலேயே திரும்பிவந்தது.

பிலிமத்தலாவை சிவிகையினின்று இறங்கியதன் பொருள் இப்பின்னணியிற் தெளிவுறும். அவரது உலகில் அரசுரிமைக்குச் சமயமும் சடங்கும் குலமும் வேண்டப்பட்டன. நவீன கருத்திலான இனம் வேண்டப்படவில்லை. துரைசாமி என்னும் பெயருக்காகப் போராடித் தோற்ற ஒருவர் எல்லாளனின் சமாதியருகே நடந்து சென்றதில் முரண்பாடு எதுவுமில்லை.

கிளர்ச்சியை அடக்க ஆளுநர் பிரவுண்றிக்கின் படை ஊவாவின் கிராமங்களையும் விளைச்சலையும் எரித்து அழித்தது. பிலிமத்தலாவை ஈற்றிற் பிடிபட்டார். அவருடன் அவ்வழக்கத்தைத் தாங்கிநின்ற சமூக ஒழுங்கும் உடைந்தது. உடைத்தவர்கள் பதுளையிலே தமக்கெனச் சின்னங்களை அமைத்துக்கொண்டனர். அங்கு அரசாங்கப் பிரதிநிதியாயிருந்து 1817இற் கிளர்ச்சியாளரின் அம்புக்கு இரையான வில்சனின் மனைவி சோபியாவின் கல்லறைக்கல், அரசமரம் ஒன்றின் அடிமரத்துள் சிக்குண்டு கிடக்கின்றது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரென்று பேர்பெற்ற மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையருகே இடிவிழுந்து இறந்தார். பதுளை புனித மார்க்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. துட்டகைமுனுவின் கதையிற் போர்வீரனாக நின்ற யானை, இப்போது ஓர் அதிகாரியின் பொழுதுபோக்குக்கு இலக்காயிற்று. விவசாயியின் சேனை நிலமோ, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தினால் உரிமைப்பத்திரம் இல்லாத நிலமென்று முடியின் உடைமையாகித் தோட்டத்துரைமாரின் கைக்கு மாறிற்று.

6

சின்னத்தின் பொருள்மாற்றம் இக்காலத்திலேயே தொடங்கியது. ஜோர்ஜ் ரேணர் 1837இல் வெளியிட்ட மகாவம்ச மொழிபெயர்ப்பு, விகாரைகளின் ஏட்டுச்சுவடியை ஆட்சியாளரின் வரலாற்று மூலமாக மாற்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மொழிக் குடும்பங்களை இரத்தக் குடும்பங்களாக விளக்கிய ஐரோப்பியக் கோட்பாடு ஆரியர், திராவிடர் என்ற சொற்களை இலங்கைக்குக் கொணர்ந்தது. அச்சியந்திரமும் பாடசாலையும் அவற்றைப் பரப்பின. ஏகாதிபத்தியத்தின் கீழ் உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போட்டியிட்ட உள்ளூர் மத்தியதர வர்க்கத்தினர், இப்புதிய கண்ணாடியினூடாகப் பழைய காவியத்தை வாசித்தனர். இரு மன்னரின் போர் இரு இனங்களின் முடிவுறாத வழக்காயிற்று.

சமாதிக்கும் அதன் விளைவு நேர்ந்தது. எல்லாளன் சமாதியென்று மரபு காட்டிய மேட்டை அகழ்ந்த பரணவிதான, அது சமாதியன்று, தக்கிண தாதுகோபுரம் என்ற முடிவுக்கு வந்தார். பின்னர் அங்கு கண்டெடுக்கப்பட்ட சாம்பல் துட்டகைமுனுவினுடையது என்று வாதிக்கப்பட்டது. 1970களின் இறுதியில் அவ்வாதம் அரச ஆதரவும் பெற்றது. ஜேம்ஸ் ரி. இரத்தினம் 1981இல் யாழ்ப்பாணத் தொல்லியற் கழக வெளியீடாகக் கொணர்ந்த ஆய்வில் அதனை வன்மையாக மறுத்தார். அம்மேடு யாருடையது என்பது தொல்லியலாளர் தீர்க்கவேண்டிய வினா. நமக்கு முக்கியமானது வேறொன்று. மரியாதை செய்து கடந்துசென்ற இடம், யாருக்குச் சொந்தமென்று வழக்காடும் இடமாக மாறிற்று என்பதே அது. பிலிமத்தலாவைக்குச் சமாதியின் இடம் திட்டமாகத் தெரியாதிருந்தும் அதன் பொருள் தெரிந்திருந்தது. நமது நூற்றாண்டுகளில் இடத்தைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டன; பொருள் தொலைந்தது.

பெயர்களும் போரிலீடுபட்டன. 1962இல் உருவாக்கப்பட்ட காலாட்படைப் பிரிவொன்று கெமுனுவின் பெயரைப் பெற்றது. காரைநகர்க் கடற்படைத் தளத்துக்கோ அரசே எல்லாளனின் பெயரை இட்டது. விடுதலைப் புலிகள் 2007 ஒக்டோபரில் அனுராதபுர விமானத்தளத்தின்மீது நடத்திய தாக்குதலையும் எல்லாளன் பெயராலேயே அழைத்தனர். சிங்களப் பேரினவாதம் துட்டகைமுனுவை இனத்தின் மீட்பனாக்கியபோது, தமிழ்த் தேசியவாதமும் அதே வாசிப்பை ஏற்று, எதிர்ப்பக்கத்து மன்னனைத் தனதாக்கிக்கொண்டது. இரு சாராரும் மாறுபட்டது எவன் நல்லவன் என்பதிலேயன்றி, போர் எத்தகையது என்பதிலன்று.

7

இவ்வழக்கின் விலையைக் கொடுத்தோர் யாவர்? எல்லாளனோடு எவ்விதத் தொடர்புமற்ற மக்கள் கூட்டமொன்று ஊவா மலைகளில் வாழ்கின்றது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதியொடுக்குமுறையாலும் உந்தப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் இவர்களின் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு அவர்கள் நடந்த வடபாதை, அனுராதபுரத்துக்கு அணித்தாகவே சென்றது. பிரதானி இறங்கி நடந்த அந்நிலப்பரப்பின் வழியே, சில பத்தாண்டுகளின் பின், சிவிகையை என்றுமே அறியாதோர் நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் வீழ்ந்தோருக்கு வாத்தியமும் நிற்கவில்லை, கல்லும் நடப்படவில்லை. அரகந்தர்களின் ஒன்றரைக் கணக்கு, தோட்டத்துரையின் பேரேட்டில் வேறொரு வடிவில் தொடர்ந்தது.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. காட்டை வெட்டியோரும், பாதை போட்டோரும், கொழுந்தெடுத்தோரும் லயத்து அறைகளிலேயே தலைமுறைகளைக் கழித்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு தொகுதிகளில் வென்றது, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போமென விட்டது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

உரிமையென்று வரும்போது இந்தியர் எனப்பட்ட இம்மக்கள், வன்முறையென்று வரும்போது எல்லாளனின் வழித்தோன்றல்களாகக் கருதப்பட்டனர். 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் தாக்குதல்கள் மலையகத் தோட்டங்களை உலுக்கின. 1983 ஜூலைக் கலவரத்திற் பதுளை நகரம் எரிந்தது. 2000 ஒக்டோபர் 25இல், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கு மேற்பட்டோர், பொலிசார் காவலில் நிற்கவே கும்பலாற் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டோரை 2005இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. வீழ்ந்த எதிரிக்கு வென்றவன் செய்த ஈமக்கடனைப் போற்றும் நாட்டிலே, ஆயுதமற்ற கைதிகளுக்கு நேர்ந்தது இது. காவியத்தில் எஞ்சியிருந்த நிலவுடைமைக்கால மரியாதையையும் நவீன இனவாதம் கைவிட்டு, ஒன்றரைக் கணக்கை மட்டும் தன் சொத்தாக வைத்துக்கொண்டது எனலாம்.

ஆயின் ஊவாவின் வரலாறு துன்பக்கதை மட்டுமன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தபின், வேலைநிறுத்த அலை மலைநாடெங்கும் பரவி ஊவாவை அடைந்தது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸைத் தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சி சார்ந்த சங்கத்தின் கீழ்த் திரண்ட தொழிலாளர், தாமே தேர்ந்தெடுத்த சபையொன்றை நிறுவினர். ஒழுங்கை நிலைநாட்டவந்த பொலிஸ் குழுவொன்றின் ஆயுதங்களை அவர்கள் பறித்தனர். பெருமழையால் ஊவா துண்டிக்கப்பட்டிருந்த வேளையில், பொலிசாரின் கடும் அடக்குமுறையினால் அவ்வியக்கம் நசுக்கப்பட்டது. சிங்களத் தலைவர்கள் பலரைக் கொண்ட கட்சியும் தமிழ்த் தொழிலாளரும் ஓரணியில் நின்ற அவ்வாரங்களில், துட்டகைமுனுவும் எல்லாளனும் பொருளற்றுப் போயினர். அவ்வணி நிலைக்கவில்லை, சமசமாஜக் கட்சியே பிற்காலத்தில் இனவாத அரசியலோடு உடன்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. எனினும் அது நிகழ்ந்தது. நிகழ்ந்தது மீண்டும் நிகழக்கூடும்.

8

தனிப்போருக்குச் சின்னமெடுப்பது எளிது. இரு பெயர்கள், ஒரு நாள், ஓரிடம் ஆகியன போதும். வேவெஸ்ஸையிற் போன்ற கூட்டுப்போராட்டத்துக்கு அவ்வாறு எடுத்தல் அரிது. அங்கு ஒருவன் வேலெறிய மற்றொருவன் வீழவில்லை. ஆகவே கல் எங்கே உள்ளது என்பதை மட்டும் பின்தொடரும் வரலாற்றாராய்ச்சி, தவிர்க்கமுடியாதவாறு அரசரின் வரலாறாகவே முடியும். தோட்டப்புற நாட்டார் பாடல்களும், சங்க ஏடுகளும், நீதிமன்றப் பதிவுகளும், லயங்களில் வழங்கும் வாய்மொழிச் செய்திகளும் அக்கல்லில்லாத வரலாற்றின் மூலங்களாம். அவற்றைத் தொகுக்கும் பணி பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் தொடங்கப்பட்டதேயன்றி நிறைவுறவில்லை. வாய்மொழி கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருவதால், இது காலந்தாழ்த்தத்தக்க பணியுமன்று.

எல்லாளன் சமாதியைப் பொறுத்தமட்டில், அதன் இடத்தையும் உரிமையையும் பற்றிய வழக்கைவிட, அவ்விடத்தைக் கடப்போர் கைக்கொண்ட ஒழுக்கமே நாம் மீட்டெடுக்கவேண்டியது. ஆனால் அவ்வொழுக்கத்தை அரசர்க்கு மட்டுமுரியதாக மீட்டெடுத்துப் பயனில்லை. துட்டகைமுனு எல்லாளனுக்கு அளித்த மரியாதை, இருவரின் படையாட்களுக்கும், புத்தளைக் களத்தில் மடிந்தோருக்கும், வடபாதையில் வீழ்ந்தோருக்கும், பிந்துனுவெவையில் கொல்லப்பட்டோருக்கும் உரியதாகும்போதே அது சனநாயக மரியாதையாகும். இலங்கை வரலாற்றைக் கற்பிப்போர், அப்போரை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது தனிப்போரோடு நிறுத்தாது, யுதகனாவையில் நிகழ்ந்த உடன்பிறந்தார் போரையும், நந்திமித்தனின் மாமனையும், ஒன்றரை மனிதக் கணக்கையும், 1818இன் துரைசாமியையும் சேர்த்துக் கூறுவார்களாயின், இனவாதம் அக்கதையின்மீது கட்டிய மேல்மாடி தானே ஆட்டங்காணும். அதனைச் செய்வது இரு மொழிகளிலும் எழுதும் முற்போக்கு ஆய்வாளரின் கூட்டுக் கடமையாகும்.